பாடி கட்டுதல்: மெய், உயிர், இடம்

1

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. சென்ற ஆடி மாதம் அங்கே ஒரு கான்டெஸா கார் வந்து நின்றது. பாதி கட்டிய மூன்று லாரிகளுக்கு நடுவில், டயரில் காற்று இறங்கி, நிறம் வெளுத்து நின்றது. அந்தப் பட்டறைக்கு நான் அடிக்கடி போவேன். ஆய்வுக்காக என்று வெளியே சொல்லிக்கொள்வது. மேஸ்திரியின் பேச்சைக் கேட்கத்தான் போகிறேன் என்பது நிஜம். காரைக் கொண்டுவந்தவன் ரிக் வண்டித் தொழிலில் இருக்கும் ஒரு குடும்பத்துப் பையன். இருபத்திரண்டு வயதிருக்கும். செல்போனில் அமெரிக்காவின் பழைய மஸ்டாங் கார் ஒன்றின் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி ஆகோணுங்க" என்றான். முன்கிரில்லை மாற்ற வேண்டும். பானட்டின் மேல் காளைக்குத் திமில் மாதிரி ஒரு புடைப்பு வேண்டும். சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவை அகலப்படுத்த வேண்டும். பின்பக்கம் வால் தூக்கியிருக்க வேண்டும். கடைசியாக, கூரையை நாலு அங்குலம் இறக்க வேண்டும்.

மேஸ்திரி காரை ரெண்டு சுற்று சுற்றினார். விரல் முட்டியால் தகட்டைத் தட்டிப் பார்த்தார். "உள்ள என்ன இன்ஜினுங்க தம்பி?"

"பழசுதானுங்க. அம்பாசடர் இன்ஜின்."

மேஸ்திரி என்னைக் காட்டிச் சிரித்தார்: "ஒடம்பு பயில்வானுது. உசுரு நம்ம வாத்தியாருது."

அந்தச் சிரிப்பில் என் பங்கை நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஒரு விமர்சன வாக்கியம் என்று பட்டது. உடலுக்கும் உயிருக்கும் உள்ள பொருத்தமின்மையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்த வரியைப் பிரித்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

'மசில் கார்' என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. 1964ஆம் ஆண்டுக்கான தன் நடுத்தர அளவுக் காரில், பெரிய காருக்குரிய 6.4 லிட்டர் வி-8 இன்ஜினை வைத்து, ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விற்றது பான்டியாக் கம்பெனி. அளவான உடலுக்குள் அளவு மீறிய இன்ஜின் என்பதுதான் சூத்திரம். கான்டெஸா இந்தச் சூத்திரத்தைத் தலைகீழாக்கியது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை செய்த கார் அது. அதன் உடல் பிரிட்டனின் வாக்ஸால் கம்பெனியிடமிருந்து வந்தது. வாக்ஸால் அப்போது அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தம். எனவே அந்த உடலில் ஓர் அமெரிக்கச் சாயல். உள்ளே வைத்ததோ முதலில் அம்பாசடரில் இருந்த அதே 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைசக்தி. பிற்பாடுதான் இசுசூவின் 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. அம்பாசடரும் சொந்த உடல் கொண்டதல்ல. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மறுபிறப்பு அது.

ஆக, பட்டறையில் நின்ற அந்தக் காரில் 'மூலம்' என்று எதைச் சுட்டுவது? அமெரிக்கச் சாயலில் செய்த பிரிட்டிஷ் உடல். அதன் இந்திய நகல். அதற்குள் இன்னொரு பிரிட்டிஷ் காரின் இன்ஜின். அதை இப்போது மறுபடியும் அமெரிக்கக் காராக்க வேண்டுமாம். பையன் மூலத்தைச் சிதைக்கிறான் என்று பழைய கார் ஆர்வலர்கள் வருத்தப்படலாம். சிதைப்பதற்கு அங்கே மூலம் கிடையாது. நகலின் மேல் ஏறும் இன்னொரு நகல்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் கார்களின் கூரையை வெட்டி இறக்கினார்கள். தகட்டை உருக்கி ஒட்டினார்கள். ஒன்றின் முகத்தை எடுத்து இன்னொன்றில் வைத்தார்கள். டாம் வுல்ஃப் 1963இல் எஸ்குவயர் பத்திரிகையில் இவர்களைப் பற்றி எழுதினார். ஜார்ஜ் பாரிஸ் போன்றவர்களைக் கலைஞர்களாகவே எடுத்துக்கொண்டு எழுதினார். பண்பாட்டு விமர்சனத்தில் அது ஒரு திருப்பம். ஆனால் அந்த இளைஞர்களின் கைக்கு வந்தது முடிந்துபோன பொருள். டெட்ராய்ட் தொழிற்சாலை முற்றுப்புள்ளி வைத்த வாக்கியத்தை உடைத்து எழுதியதே அவர்களுடைய கலகம். எங்கள் ஊர்ப் பட்டறையில் கதை வேறு. இங்கே வண்டி முடிவதற்கு முன்பே வந்துவிடும்.

2

'பாடி' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ் படித்தவனுக்கு இந்தப் புத்தி போகாது. பழந்தமிழில் பாடி என்றால் படை தங்குமிடம், ஊர். ஆங்கிலத்திலிருந்து வந்த பாடி இன்றைய பேச்சில் பல வேலை செய்கிறது. லாரியின் மேற்கட்டு பாடி. பெண்களின் மார்க்கச்சை பாடி. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்கள் "பாடி இன்னும் வரல" என்றால் அது பிணம். உயிருள்ள மனிதரின் உடம்பைப் பாடி என்று சொல்வது குறைவு. உயிர் இல்லாதபோது, அல்லது உயிருக்கு வெளியே சட்டை மாதிரி மாட்டும்போதுதான் அந்தச் சொல் பெரும்பாலும் வருகிறது.

இலக்கணத்தில் மெய் என்பது எழுத்து, உடம்பு, உண்மை மூன்றும். உயிரெழுத்து தனியாக இயங்கும். மெய்யை இயக்க உயிர் வேண்டும். தொல்காப்பியம் படித்த எவருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் நெடுஞ்சாலையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஓசூர்ப் பக்கமிருந்து சேலம் தாண்டி, மல்லூர் தாண்டி, ஆண்டகளூர்கேட் வழியாக நாமக்கல் நோக்கி சேஸ்கள் வரும். முன்னால் ஒரு முகம், அதன் பின்னால் இன்ஜின், நீளமான இரண்டு இரும்புச் சட்டம், சக்கரம். அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. ஒரு தற்காலிக இருக்கையில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூசிக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் ஓட்டி வருவார். மெய் இல்லாமல் உயிர் மட்டும் சாலையில் வருகிற காட்சி அது.

சட்டத்துக்கும் இந்த நிலை தெரியும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 43ஆம் பிரிவில் வண்டியின் தற்காலிகப் பதிவுக்கு ஒரு மாதம் தந்தது. பாடி கட்டுவதற்காகப் பட்டறையில் நிற்கும் சேஸுக்கு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம் என்றும் சொன்னது. அதாவது உடல் இல்லாத வண்டியையும் அரசு வண்டி என்று ஏற்றுக்கொண்டது. உடல் வரும் வரை காத்திருக்கவும் செய்தது.

அசோக் லேலண்டும் டாட்டாவும் சேஸை மட்டும் செய்து விற்க, உடலைச் செய்வது வேறு ஊர்களின் தொழிலானது. லாரிக்கு நாமக்கல், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக்குக்குத் திருச்செங்கோடு, பஸ்ஸுக்குக் கரூர் என்று எங்கள் பக்கத்தில் வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். மழை குறைவான மேட்டுநிலம். விவசாயத்தை மட்டும் நம்ப முடியாத குடும்பங்கள் சக்கரத்தில் முதலீடு செய்தன. சக்கரம் பட்டறையைக் கொண்டுவந்தது.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேஸின் இரும்புச் சட்டத்தின் மேல் நீளவாக்கில் மரக்கட்டைகளைப் படுக்க வைப்பார்கள். அந்தச் சட்டத்தில் இஷ்டப்படி ஓட்டை போடக்கூடாது, வெல்டிங் வைக்கக்கூடாது, பலம் போய்விடும். அதனால் யூ-போல்ட் போட்டுக் கவ்வி இறுக்குவார்கள். அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் பலகைத் தளம். பிறகு பக்கத் தூண்கள், பக்கக் கதவு, பின்கதவு. முன்னால் கேபின்: உள்ளே மரச்சட்டம் அல்லது இரும்பு ஆங்கிள், வெளியே தகடு. பட்டி பூசித் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட். ஆசாரி, டிங்கர், வெல்டர், எலக்ட்ரீஷியன், சீட் தைப்பவர், பெயின்டர், எழுத்து எழுதுபவர் எனப் பல கைகள். ஒருவர் முடித்த இடத்தில் இன்னொருவர் தொடங்குவார். ஒருவருடைய பிழையை அடுத்தவர் மறைப்பார். டிங்கரின் பள்ளத்தைப் பட்டி மறைக்கும், பட்டியின் மேட்டைப் பெயின்ட் மறைக்கும். இந்தப் பிரதிக்கு ஆசிரியர் யார் என்று கேட்டால் யாரைக் காட்டுவது? ஆசிரியரின் மரணத்தைப் பாரிசில் அறிவிப்பதற்கு முன்பே இங்கே ஆசிரியர் பிறக்கவில்லை.

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில் சிட்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. 1955 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. பிரெஞ்சில் அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்துச் சொன்னால் 'தேவதை' என்று காதில் விழும். பார்த்தின் கவனம் மூட்டுகளின் மேல் இருக்கிறது. பொருத்திய இடம் தெரியாத வழவழப்பு, மனிதக் கை படாமல் வானத்திலிருந்து இறங்கியது போன்ற தோற்றத்தைத் தருகிறது என்பது அவருடைய அவதானிப்பு. மூட்டை மறைப்பது உழைப்பை மறைப்பதுதான் என்று நான் அதை நீட்டி வாசிக்கிறேன். இந்த வாசிப்பை எடுத்துக்கொண்டு லாரியிடம் வந்தால் எல்லாம் எதிர்த்திசையில் இருக்கும். லாரி தன் மூட்டுகளை மறைப்பதில்லை; போல்ட் தலைக்குத் தனி வண்ணம் வைத்துக் காட்டுகிறது. பலகைக்கும் பலகைக்கும் இடையே கோடு. தூணுக்கும் கதவுக்கும் இடையே சங்கிலி. எவ்வளவு கைகள் பட்டன என்று எண்ணிவிடலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இதைத்தான் கட்டுரையாக வாசித்தேன். 'லாரியின் முதுகு: ஒரு குறியியல் வாசிப்பு' என்று தலைப்பு. கைதட்டினார்கள். இந்த ஊர் தன் முதலெழுத்தை ஆங்கில நாவலாசிரியர் ஆர்.கே. நாராயணின் பெயருக்குத் தந்தது, ஆனால் தன் சொந்த எழுத்தை லாரி முதுகில் எழுதிக்கொண்டது என்றெல்லாம் முடித்தேன். இன்று அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. அதில் சொன்னது தவறு என்பதால் கூச்சம் இல்லை. சொல்லாமல் விட்டது பெரிது என்பதால்.

3

சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு ஒரு பழக்கம் உண்டு. விளிம்பில் ஒரு வண்ணத்தைப் பார்த்துவிட்டால் அதை எதிர்ப்பு என்று பெயரிட்டுவிடுவோம். தொழிற்சாலை ஒரே மாதிரி செய்கிறது, பட்டறை ஒவ்வொன்றையும் வேறாகச் செய்கிறது, எனவே பட்டறை அதிகாரத்துக்கு எதிரானது. இந்தச் சமன்பாடு எளிது. லாரியின் உடலில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று வாசித்தால் சமன்பாடு குழம்பும்.

நெற்றியில் குலதெய்வத்தின் பெயர். பக்கத்தில் முதலாளியின் பெயரும் ஊரும். கதவில் பிள்ளைகளின் பெயர்கள். சிலவற்றில் சாதியை நேராகவே சொல்லும் பட்டமோ படமோ. பின்னால் பெற்றோரின் ஆசி. இது ஒரு குடும்பத்தின் சொத்துப் பத்திரம். வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மரத்தை இழைத்த ஆசாரியின் பெயர் அதில் இல்லை. பெயின்டர் ஓரமாக ஒரு மூலையில் தன் பெயரைப் போட்டுக்கொள்வார்; செல் நம்பரும் சேர்ந்திருப்பதால் அது கையெழுத்தா விளம்பரமா என்று சொல்ல முடியாது. முழுநேரமும் அந்த உடலுக்குள் வாழும் டிரைவரின் பெயர் எங்கேயும் கிடையாது. டிரைவர் மாறுவார், லாரி நிற்கும் என்பது கணக்கு.

அரசும் இந்த உடலில் எழுதுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் நேஷனல் பெர்மிட் லாரிக்கு நிறத்தையே விதித்தன: காய்ந்த இலையின் பழுப்பு, சுற்றிலும் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளைக் கரை, இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் 'நேஷனல் பெர்மிட்' என்ற எழுத்து. காய்ந்த இலை என்ற உவமையை ஒரு விதிப்புத்தகத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தப் பெயின்டரையும் விட அதிகத் துல்லியமான அழகியல் கட்டளை அது.

கண்திருஷ்டி இன்னொரு அடுக்கு. பாடி முடிந்து வண்டி வெளியே போகும் நாளில் பூசணிக்காய் உடைப்பார்கள், எலுமிச்சையைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள், கறுப்புக் கயிறு கட்டுவார்கள், நாக்கை நீட்டிய ஒரு கோர முகத்தை முன்னாலோ பின்னாலோ மாட்டுவார்கள். அழகு முடிந்த இடத்தில் வேண்டுமென்றே ஓர் அசிங்கத்தைச் சேர்ப்பது. அழகு ஆபத்தை அழைக்கும் என்ற அறிவு இதில் இருக்கிறது. பட்டறை வாசலில் நின்றால் போதமலை தெரியும். அதற்கும் அந்தப் பக்கம் கொல்லிமலை. சங்கக் கவிகள் தலைவியின் அழகுக்கு உவமை தேடியபோது அந்த மலையின் பாவையைச் சொன்னார்கள். தெய்வம் செய்த உருவம் அது. பிற்காலக் கதையிலோ அந்தப் பாவை சிரித்துக் கொல்லும். செய்து முடித்த ஓர் உடல், பார்ப்பவரை ஈர்த்துக் கொல்லும் என்கிற கற்பனை எங்கள் மலையிலேயே இருக்கிறது. லாரி விஷயத்தில் அது கொன்றது பார்ப்பவரை இல்லை. உள்ளே உட்கார்ந்தவரை.

4

என் தாய்மாமன் லாரி டிரைவர். அவர் ஓட்டிய லாரியின் பின்கதவில்தான் நான் எழுத்துக்கூட்டப் பழகினேன். 'ஸ்ரீ' என்ற எழுத்தைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே அந்தக் கதவு கற்றுக்கொடுத்தது. 2001இல், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஆந்திராவில் ஒரு நள்ளிரவில், விளக்கில்லாமல் நின்றிருந்த வேறொரு லாரியின் பின்னால் மாமா மோதினார். கேபினின் முகம் உள்ளே வந்துவிட்டது. மரச்சட்டம் முறிந்து, தகடு மடங்கி, இன்ஜின் மூடிக்கும் சீட்டுக்கும் நடுவில் அவருடைய வலது கால் மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்க விடிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த லாரியை இழுத்துவந்து பட்டறையில் விட்டார்கள். இரண்டு மாதத்தில் அதற்குப் புதுக் கேபின் கட்டியாகிவிட்டது. முன்பைவிட அழகாக, நெற்றியில் கண்ணாடித் துண்டுகள் பதித்து. அதே பெயர், அதே ஸ்ரீ. பூசணிக்காய் உடைத்தபோது மாமா ஊன்றுகோலோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன். எனக்கு அந்தப் புது வண்ணம் ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாமா இப்போது ஆண்டகளூர்கேட் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கருத்தரங்கக் கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் ரோட்டுல போறவனுக்கு மாப்ள. உள்ள இருக்கறவனுக்கு இன்ஜின் சூடுதான் தெரியும்" என்றார். பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு வெற்றிலை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

இங்கேதான் என் கோட்பாடு முட்டிக்கொண்டது. மூட்டு தெரிவது உழைப்பின் தடயம் என்று நான் கொண்டாடினேன். மோதலில் முதலில் பிரிவதும் மூட்டுதான். பார்த் கண்டுகொண்ட வழவழப்பில் மாயை இருக்கலாம். ஆனால் மொத்தமாக அச்சில் அழுத்தி, ஒட்டிச் செய்த இரும்புக் கூட்டுக்கு ஒரு பலமும் உண்டு. நான் வாசித்த பிரதியின் வெளிப்பக்கம் முழுவதும் குறிகள். உட்பக்கத்தில் ஒரு கால் இருந்தது.

இன்றைக்கு லாரிக் கேபினுக்கு இந்தியாவில் தரநிர்ணயம் இருக்கிறது. ஏ.ஐ.எஸ். 093 என்பது லாரியின் கேபின், பாடி, டிரெய்லர் ஆகியவற்றைக் கட்டும் முறைக்கான விதித்தொகுப்பு. ஏ.ஐ.எஸ். 029 கேபினுக்குள் இருப்பவரின் பாதுகாப்பு பற்றியது. கேபினின் முகத்தில் கனமான ஊசல் ஒன்றை மோதவிடுகிறார்கள், கூரையில் பாரம் ஏற்றுகிறார்கள். அதன் பிறகு சீட்டில் ஓர் ஆள் உயிரோடு இருக்கப் போதுமான இடம் மிஞ்சுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் 'உயிர்தங்கும் இடம்' என்று சொல்லலாம். கவிதை எழுத உத்தேசமில்லாத ஒரு பொறியாளர் குழு வைத்த பெயர். நம் லாரி அழகியலில் இப்படி ஒரு கலைச்சொல் இல்லாமல் போனது ஏன் என்று நான் யோசித்திருக்கிறேன். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்றும் மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. மாமா சொன்ன இன்ஜின் சூடு அரசாணைக்குள் வர இத்தனை காலமாகியிருக்கிறது.

இதற்காக, கம்பெனிக் கேபின் வந்தது விடுதலை என்று முடிக்கவும் நான் தயாரில்லை. கேபினோடு தொழிற்சாலையிலிருந்து வரும் லாரிகள் பெருகப் பெருக, முன்பக்க வேலை பட்டறையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பின்பாடி மட்டும் மிஞ்சுகிறது. கேபினில் கைதேர்ந்த ஆசாரிகள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். டிரைவரின் ஓட்டநேரம், தூக்கம், ஏற்றும் பாரம், கூலி இவற்றை எந்த ஊசலும் மோதிப் பார்ப்பதில்லை. முன்பு முதலாளி உள்ளே இருப்பவரைக் கேட்காமல் பாடி கட்டினார். இப்போது கம்பெனி அவரைக் கேட்காமல் கட்டுகிறது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. இரண்டாவதில் அவருடைய காலுக்கு இடம் கணக்கில் வந்திருக்கிறது. கேட்காமலே வந்திருக்கிறது என்பதால் அந்த இடம் சிறிதாகிவிடாது.

5

கான்டெஸாவுக்குத் திரும்புவோம். லாரியின் கதை வேறு, காரின் கதை வேறு என்று சட்டம் சொல்லும். லாரிக்கு உடல் முதன்முறையாகக் கட்டப்படுகிறது. காருக்கு ஏற்கெனவே உள்ள உடல் மாற்றப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுப் புத்தகத்தின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இங்கே தயாரிப்பாளரே மூல ஆசிரியர். மற்றவர் கை வைத்தால் பிழை. மூலமே இல்லாத ஒரு காருக்கு இந்தச் சட்டம் ஒரு மூலத்தைச் செய்து கொடுக்கிறது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். முந்தைய நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

மேஸ்திரி வேறுவிதமாக வாசித்தார். கிரில் மாற்றலாம் என்றார். திமிலைத் தகட்டில் தட்டித் தருவதாகச் சொன்னார். வால் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆர்.டி.ஓ. பிடித்தால் கழற்றிவிடலாம் என்று அதற்கும் ஒரு உபாயம் சொன்னார். கூரை விஷயம் வந்ததும் பேச்சு நின்றது.

கூரையை இறக்குவது எப்படி என்றால், கூரையைத் தாங்கும் தூண்களை நடுவில் வெட்டி, நாலு அங்குலத்தை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டுவது. கலிஃபோர்னியாவில் அதுதான் உச்சபட்ச வித்தை. கண்ணாடி குறுகி, கார் தரையோடு பதுங்கி நிற்கும். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

"தூணுல மட்டும் கை வைக்க மாட்டனுங்க தம்பி" என்றார் மேஸ்திரி.

"காசு சேத்தித் தர்றனுங்க."

"காசு இல்லீங்க. வெட்டி ஒட்டுன தூணு வண்டி உருண்டா நிக்காதுங்க. அப்பறம் உள்ள இருக்கறவனுக்கு என்ன எடம் மிஞ்சும்?"

பையன் கொஞ்சம் முறைத்தான். வேறு பட்டறை பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மேஸ்திரி பதில் சொல்லவில்லை. லாரி ஒன்றின் பக்கக் கதவுக்குக் கொண்டி அடிக்கப் போய்விட்டார். நான் அவரிடம் ஏ.ஐ.எஸ். 029 பற்றிச் சொன்னேன். ஊசலை மோதவிடுவதைச் சொன்னதும் சுத்தியலை வைத்துவிட்டுக் கேட்டார். "நாங்க கட்டுன கேபினுல பாதி அதுல நின்னுருக்காதுங்க" என்றார் கடைசியில். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மாமாவின் லாரிக்கு இரண்டாம் முறை கேபின் கட்டியது எந்தப் பட்டறை என்று நான் இதுவரை அவரிடம் கேட்டதில்லை; அன்றும் கேட்கவில்லை.

ஒரு பிரதியை மதிப்பிட நம்மிடம் நிறைய அளவுகோல்கள் இருக்கின்றன. புதுமை, மீறல், பன்மை, மூட்டின் வெளிப்படை. இவை எதையும் நான் கைவிடச் சொல்லவில்லை. இவற்றோடு மேஸ்திரியின் கேள்வியையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: உள்ளே இருப்பவருக்கு என்ன இடம் மிஞ்சும்? லாரியின் முதுகைப் பற்றி இனி எழுதுவதாக இருந்தால் முன்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று வைத்திருக்கிறேன்.

பையன் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். வேறு பட்டறையில் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை போலிருக்கிறது. கார் இப்போது புதுக் கிரில், திமில், தூக்கிய வால் எல்லாம் வைத்துக்கொண்டு நிற்கிறது. பட்டி பூசிய சாம்பல் நிறத்தில், பெயின்டருக்குக் காத்துக்கொண்டு. கூரை இருந்த உயரத்திலேயே இருக்கிறது. அதனால் பக்கவாட்டில் பார்க்கும்போது மஸ்டாங் மாதிரியே இல்லை என்று பையனுக்குக் குறை.